டொக்டரின் கையெழுத்து

நேற்று வெள்ளவத்தையில் மூன்று பார்மசி ஏறி இறங்கினேன். அம்மாவின் மருந்துத் துண்டில் இரண்டாவது வரி ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஒருவர் அம்லோடிபின் என்றார், அது பிரஷருக்கு. மற்றவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அமிட்ரிப்டிலின் என்றார். அது மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும். மூன்றாவது கடைப் பிள்ளை, "அன்ரி, டொக்டரிட்டயே கேட்டுட்டு வாங்கோ" என்றாள். நல்ல பிள்ளை, ஊகிக்கவில்லை.

எஸ்தோனியாவில் 2010 முதல் மருந்துத் துண்டு கணினி வழியாகத்தான் போகிறது. அடையாள அட்டையை நீட்டினால் எந்தப் பார்மசியிலும் மருந்து வாங்கலாம். சரி, கணினியிலும் பட்டியலில் பக்கத்து மருந்தைத் தட்டிவிடலாம்தான். ஆனால் இது 'm' எழுத்தா, 'n' எழுத்தா என்று மூன்று பேர் கூடி எழுத்துக்கூட்டத் தேவையில்லை.

கடைசியில் துண்டைப் படமெடுத்து டொக்டருக்கே வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "விளங்கேல்ல, இன்னொரு படம் அனுப்புங்கோ" என்று பதில் வந்தது.