ஏழாம் கேள்வி

31ஆம் நாள் நினைவு மலரின் எட்டாம் பக்கத்தில் அந்த வசனம் கிடந்தது. "மனைவி கொடியில் உடுப்புக் காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அன்னாரின் உள்ளத்தில் உதித்ததே யானை எச்சரிக்கைக் கருவியாகும்." கட்டுரையை எழுதினவர் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர். வசனம் அவருடையதில்லை, என்னுடையது. 2013இல் பிரதேச செயலகத்தில் என் மேசையில் வைத்து, கண்டுபிடிப்பாளர் போட்டிக்கான ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஏழாம் கேள்விக்குக் கீழே நான் எழுதினது. அது பிறகு மேடை ஏறி, நோட்டீசில் வந்து, பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்குள் புகுந்து, கடைசியில் செத்தவீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. "உள்ளத்தில் உதித்தது" கூட அப்படியே இருக்கிறது.

அவரைப் பவுசர் அண்ணன் என்றே எழுதுகிறேன். ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. ஆவணி புரட்டாதியில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிணறுகள் வற்றும்போது பிரதேச சபையின் தண்ணிப் பவுசரைக் கொண்டு வருகிறவர் அவர். சுனாமிக்குப் பிறகு நாட்கூலிக்குக் குப்பை அள்ளச் சேர்ந்து, அங்கேயே சாரதியாகி நிரந்தரமானவர். அதற்கு முன்பு பதினான்கு வருடம் புலிகள் இயக்கத்தில். 2004 சித்திரையில், இயக்கம் இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள் மோதின வெருகல் சண்டையோடு வீட்டுக்குப் போகச் சொல்லப்பட்டவர்களில் ஒருவர். பஸ்ஸுக்குக் காசில்லாமல் கடன் வாங்கி வந்தேன் என்று சிரிப்பார். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு அரசாங்கத்தின் புனர்வாழ்வுக்குப் போய் வந்தவர்களிடம் ஒரு கடதாசியாவது இருந்தது. இவரிடம் அதுவும் இல்லை. இந்தக் கடதாசி விஷயத்தை எனக்குச் சார்பாக நான் எத்தனையோ தடவை எடுத்துப் பேசியிருக்கிறேன், எனக்குள்ளேதான்.

கருவி என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். உரப்பையில் கட்டிக்கொண்டு வந்து என் மேசையில் கொட்டினார். ஒரு உடுப்புக் கிளிப். அதன் வாயின் இரண்டு பக்கத்திலும் உள்ளே ஒவ்வொரு டிரோயிங் பின் குத்தி, வயர் சுற்றியிருந்தது. பின் இரண்டுக்கும் நடுவில் யோகட் கோப்பையில் வெட்டின பிளாஸ்டிக் துண்டு. துண்டில் ஓட்டை போட்டு, மீன்பிடிக்கிற தங்கூசி நூலைக் கட்டி, வரம்பு நீளத்துக்கு இழுத்து அடுத்த கம்பில் முடிச்சு. யானை நெஞ்சால் தள்ளினால் துண்டு உருவிக்கொண்டு வரும், பின் இரண்டும் முட்டும், மோட்டார் சைக்கிள் பெட்டரியில் கரண்ட் ஓடி ஹோர்ன் அலறும். "மூடியில வெட்டினா சரிவராது தம்பி, அது ஈயத்தாள், கரண்ட் போகும். கோப்பையிலதான் வெட்டணும்." தங்கூசி நிலத்திலிருந்து ஐந்தரை அடி உயரம், பன்றியும் நாயும் மாடும் கீழால் போய்விடும். பனியில் அந்தப் பின்கள் துருப்பிடிக்காமல் சைக்கிள் டியூப்பில் உறை.

ஒருக்கா அலறினால் துண்டைத் திரும்பச் செருக யானை நிற்கிற இருட்டுக்குள் போக வேண்டுமே என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவர் மாதிரி முகம் மலர்ந்தது. காவல் பரணில் இருந்தபடி ஒரு கயிற்றை இழுத்தால் கிளிப்பின் வால் அமரும், வாய் திறக்கும், கல்லுக் கட்டின இன்னொரு நூல் துண்டை உள்ளே கொண்டுவந்து விடும். கப்பிக்குப் பதிலாகத் தையல் நூல்கட்டை. என் மேசைக் காலில் கட்டிச் செய்து காட்டினார். மூன்று தடவையில் இரண்டு தடவை சரியாக விழுந்தது.

பிறகு படிவத்தை எடுத்தோம். ஆறு கேள்வி வரைக்கும் பிரச்சினை இல்லை. ஏழாவது: "இக்கண்டுபிடிப்பிற்குத் தூண்டுதலாக அமைந்தது யாது?"

அவர் யோசிக்கவே இல்லை. "இது பொறிவெடிக்குச் செய்ற வேலதானே தம்பி. அங்க துண்டு கழண்டா வெடிக்கும், இங்க ஹோர்ன் அடிக்கும். எனக்குப் பழக்கினவன் ஒருத்தன் இருந்தான். அவன் ஒருதரம் செஞ்சு காட்டினா மறக்காது. ஜெயசிக்குறுச் சண்டையில செத்துப்போயிட்டான்."

மற்றதையும் சொன்னார். வட்டையில், அதாவது வயல்வெளியில், காவல் இருக்கிற சிலர் காசோடு அவரிடம் போயிருக்கிறார்கள். பூசணிக்காய்க்குள் வைத்து யானை கடிக்கும்போது வாயிலேயே வெடிக்கிற சாமான் இருக்கிறதே, அது வேண்டும் என்று. உனக்குக் கைவந்த வேலைதானே, ரெண்டு செய்து தாவன் என்று. "ஏலாதெண்டு சொல்லிப்போட்டன். சொல்லிப்போட்டு எப்படிச் சும்மா இரிக்கிற? அவங்கட வயலத்தானே யான திங்குது. அதுக்குத்தான் இதச் செஞ்ச."

நான் பேனையை மூடினேன்.

"அண்ணன், இத இப்படி எழுத ஏலாது."

"ஏன், பொய்யா?"

"பொய்யில்ல. ஆனா எழுத ஏலாது."

கிளிப் என் கையில் இருந்தது. அதைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னேன்: "அக்கா கொடியில உடுப்புக் காயப்போடக்குள்ள பாத்து யோசன வந்ததெண்டு போடுவம்."

அவர் கிளிப்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு, "எழுதுங்க சேர்" என்றார்.

இந்த "சேர்" எனக்குள் இன்னும் கிடக்கிறது. அதுவரைக்கும் தம்பி. அதற்குப் பிறகு, பத்து வருடம், ஒரு நாளும் தம்பி இல்லை. சில நாட்களில் இதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை என்றும் தோன்றும். அந்த நேரம் பிரதம லிகிதர் உள்ளே வந்ததாக எனக்கொரு ஞாபகம் இருக்கிறது. ஒபிஸில் ஆள் வந்தால் எல்லாருந்தான் சேர் போடுவார்கள். ஆனால் அவர் வந்தது அன்றைக்கா, படிவத்தைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கின மறுநாளா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு வசதியான பக்கமாக ஞாபகமும் சாய்ந்துவிட்டதோ என்னவோ.

2013இல் எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிவில் உடுப்பில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து கிராம சேவகரிடம் பெயர் கேட்டுவிட்டுப் போனாலே ஒரு வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியாது. பொறிவெடி செய்யத் தெரியும் என்று அரசாங்கப் படிவத்தில், கையொப்பத்தோடு, புனர்வாழ்வுக் கடதாசியும் இல்லாத ஒருவர்! சபை வேலை போயிருக்கலாம், ஆளே போயிருக்கலாம். கண்டுபிடிப்பாளர்களை ஊக்குவிக்கிற சட்டம் இந்த நாட்டில் 1979ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கம். பயங்கரவாதத் தடைச் சட்டம் அதே 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம். ஒரே பாராளுமன்றம், ஒரே வருடம், நடுவில் நாலே நாலு இலக்கம். அந்த மனிதர் இரண்டுக்குள்ளும் வரக்கூடியவர். எந்தச் சட்டத்தின் கண்ணில் அவர் படுவார் என்பது ஏழாம் கேள்விக்கு நான் எழுதுவதில் இருந்தது. அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் அதில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் படிவத்தின் கடைசியில் "மேற்கூறிய விபரங்கள் உண்மையென உறுதிப்படுத்துகிறேன்" என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியவன் நான். உத்தியோகத்தில் அடுத்த படிக்கு ஏறுகிற தடைதாண்டல் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலம். இதையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையிலும் ஒரு கொடியைக் கட்டினவனாகிவிடுவேன்.

அதுவும் போகட்டும். பயம் என்றால் பயம், அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. என்னைத் தூங்கவிடாதது வேறு. "வயலில் யானைத் தொல்லை" என்று மூன்று சொல் எழுதியிருக்கலாம். உண்மை. யாருக்கும் ஆபத்தும் இல்லை. கேள்விக்கும் அது போதும். கொடியும் மனைவியும் உள்ளமும் உதிப்பதும் அங்கே எதற்கு வந்தன? எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. வேறு காரணம் இல்லை. காளான் வளர்ப்பும் சவர்க்காரம் செய்வதும் பழக்கிப் பழக்கி அலுத்திருந்த எனக்கு, மேலிடத்தில் வாசிக்கிறவர்கள் தலையாட்டப் போகிற ஒரு வசனம் கையில் கிடைத்தது. எழுதி முடித்து இரண்டு தரம் வாசித்துப் பார்த்து ரசித்தேன். அந்த மனிதர் என் முன்னாலேயே இருந்தார்.

மாவட்ட மட்டத்தில் இரண்டாம் இடம் கிடைத்தது. மேடையில் மைக்கைக் கொடுத்து, யோசனை எப்படி வந்தது, சொல்லுங்கள் என்றார்கள். பவுசர் அண்ணன் சபைச் சட்டையோடு நின்று, "மனுசி... கொடியில..." என்றுவிட்டு நின்றுபோனார். கூச்சப்படுகிறார் என்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு பள்ளிக்கூடங்கள் கூப்பிடத் தொடங்கின. அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. ஒரு தடவை நான் பின்வாங்கில் இருந்து கேட்டேன். அன்றைக்கு நல்ல வெயில் என்றார். காற்றடித்து நீலச் சட்டை ஒன்று கழன்று விழுந்தது, கிளிப் டக்கென்று மூடின சத்தம் கேட்டது, அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விளங்கினது என்றார். நான் எழுதினதில் வெயிலும் இல்லை, சட்டையும் இல்லை, சத்தமும் இல்லை. பிள்ளைகள் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய மனைவிதான் ஒரு நாள் கடையடியில் என்னை மறித்து, "எங்கட வீட்ட கொடி எங்க தம்பி இரிக்கி? நாங்க வேலியிலதானே காயப்போடுற" என்று சிரித்தா. என்ன சொல்வதென்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

காப்புரிமை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டிருந்தார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் முதல் நிபந்தனையே புதியதாக இருக்க வேண்டும் என்பது. நூல் இழுபட்டால் மணி அடிக்கிற பொறி உலகத்துக்குப் புதிதில்லை என்று விளக்கினேன். "அதானே சேர், அது பழைய சாமான்தானே" என்று சுருக்கமாக ஒத்துக்கொண்டார். பரணில் இருந்து துண்டைத் திரும்பச் செருகுகிற அந்தக் கயிறு-கல்லு ஏற்பாட்டை மட்டும் தனியாக எழுதி அனுப்பிப் பார்த்திருக்கலாம். வரைபடம் கீறித் தருகிறேன் என்று சொன்னவன் நான். கீறவில்லை. கொடிக் கதைக்குக் காட்டின கெட்டித்தனத்தில் பாதியை இதற்குக் காட்டியிருந்தால் போதும்.

நினைவு மலரில் இல்லாத இன்னொன்றையும் எழுத வேண்டும். முதல் இரண்டு போகம் யானை ஹோர்னுக்கு ஓடினது. மூன்றாம் போகத்தில் நின்று கேட்டுவிட்டு மேயத் தொடங்கியது. அலறினால் காவலில் இருப்பவர்கள் எழும்பிப் பந்தம் கொளுத்தவும் வெடி போடவும் நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கே அதை இன்னும் சிலர் கட்டுகிறார்கள்.

2019இல் நாட்டில் யானைகள் 405, ஆட்கள் 121 செத்ததாகக் கணக்கு வந்தது. அந்தச் சமயம் ஒரு வேலையாக அவருடைய பவுசரில் போக வேண்டி வந்தது. வவுணதீவு தாண்டினதும் நான்தான் பேச்சை எடுத்தேன். அந்தப் படிவத்தில் ஏழாம் கேள்விக்கு வேறு மாதிரி எழுதியிருக்கலாம் அண்ணன் என்றேன்.

"எந்தப் படிவம் சேர்?"

மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருந்தாரா தெரியவில்லை. விளக்கினேன். கொஞ்சத் தூரம் ஒன்றும் சொல்லவில்லை. "உங்கட கததான் நல்லம் சேர். பிள்ளைகளுக்குச் சொல்லலாம்." பள்ளம் ஒன்றுக்குக் கியரைக் குறைத்தார், பின்னால் தண்ணி முழுக்க முன்னுக்கு வந்து மோதினது. "அவன்ட தாய் இரிக்கா, கொக்கட்டிச்சோலைப் பக்கம். ஒரு நாளைக்குப் போகணும்."

நான் வாறன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் அவர் சொன்னாரா, அல்லது என்னிடம் சொல்வதும் தனக்குத்தானே சொல்வதும் அவருக்கு ஒன்றாகத்தான் இருந்ததா? நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். போனாரா என்று கேட்கவுமில்லை. அவருக்குப் பொறிவெடி பழக்கினவனின் பெயரையும் கேட்கவில்லை. பெயர் தெரிந்திருந்தாலும் இங்கே எழுதியிருப்பேனா என்றால், மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இதை எழுதுகிறபோதுகூட அவருடைய ஊரை மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் ஊரே இல்லாமல் விட்டிருக்கிறேன். ஆக, அன்றைக்கு அந்தப் பேனையைப் பிடித்தவன்தான் இதையும் எழுதுகிறான்.

31ஆம் நாள் சாப்பாடு முடிந்து கை கழுவப் பின்வளவுக்குப் போனேன். கிணற்றடியில் இருந்து மாமரம் வரைக்கும் ஒரு கொடி கட்டியிருந்தது. தங்கூசி இல்லை, நல்ல நைலோன் கயிறு. அவருடைய மனைவி வாளியில் தண்ணி மொண்டு தந்தா. நான் கொடியைப் பார்ப்பதைக் கண்டிருப்பா போல.

"பள்ளிக்கூடப் பிள்ளையள் பாக்க வருவாங்க தம்பி. எந்த இடத்தில பாத்தீங்க, எந்த இடத்தில பாத்தீங்க எண்டு கேப்பாங்க. அதுக்காகக் கட்டினவர்."

அவருடைய சாரன் இரண்டும் சபைச் சட்டை ஒன்றும் அதில் சும்மா மடித்துத் தொங்கின. காற்றுக்குச் சட்டை ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டிருந்தது. வீட்டுக் கிளிப் முழுக்க வட்டையில் என்றா.