ரேஷன் கார்டுக்குள் இருந்த ஈசிஜி

2017-ல் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதன்பிறகும் வத்தையில் நண்டு வலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். போன வருடம் ஒருநாள் தங்கச்சிமடம் கரையில் வலையைப் பிரிக்கும்போது நெஞ்சு தாறுமாறாக ஓடி, கண் இருட்டிவிட்டது. 108-ல் ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தபோது துடிப்பு 190. மயக்க ஊசி போட்டு, கரண்ட் ஷாக் கொடுத்துத்தான் நிறுத்தினார்கள். வி.டி. என்றார்கள், இதயத்தின் கீழறையில் கிளம்பும் கோளாறு.

ஷாக்குக்கு முன் எடுத்த ஈசிஜியை வீட்டுக்காரி ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருந்தாள். லேமினேட் போடக் கொடுத்தேன். நல்லவேளை, கடைக்காரத் தம்பி தடுத்தார்: "அண்ணே, சூடு பட்டா இந்தப் பேப்பர் கறுத்துப்போகும்." போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மதுரையில் ஐசிடி கருவி வைத்தார்கள்; துடிப்பு தாறுமாறானால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்து நிறுத்துவது அது. துடிப்பை அடக்க அமியோடரோன் மாத்திரையும் கொடுத்தார்கள். நான்கு மாதம் சும்மா இருந்த கருவி, ஒரே ராத்திரியில் மூன்று தடவை அடித்தது. நெஞ்சுக்குள்ளிருந்து கடப்பாரையால் இடித்த மாதிரி. அடியைவிட, அடுத்தது எப்போது என்று காத்துக் கிடந்ததுதான் கொடுமை. அதன்பிறகுதான் அப்லேஷன் என்றார்கள், கோளாறு ஓடும் இடத்தைக் குழாய் விட்டுச் சுடும் சிகிச்சை.

டாக்டர் முதலில் கேட்டது அந்த ஈசிஜியைத்தான். கோளாறு ஓடும்போது எடுத்ததென்றால், கீழறையில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஊகிக்கலாமாம். எனக்கு விளங்கியது இவ்வளவு: பழைய மாரடைப்பில் செத்த சதை ஒரு மணல் திட்டு. திட்டுக்கு நடுவே சாகாமல் மிஞ்சிய மெல்லிய இழை ஒரு ஓடை. மின்சாரம் அந்த ஓடைக்குள் மெதுவாக நுழைந்து, வெளியே வந்து, திட்டைச் சுற்றி மறுபடி நுழைகிறது. ஓடையைச் சுட்டு அடைக்க வேண்டும். பாம்பன் நீரோட்டம் பார்த்தவனுக்கு இதை விளக்கவா வேண்டும்?

தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். அரைத்தூக்கம்தான். திரையில் என் இதயம் கலர் கலராகத் தெரிந்தது. பிறகு அந்தப் படபடப்பை அவர்களே வரவழைத்தார்கள்! அந்த நிமிடம் இயேசுவே என்று கத்திவிட்டேன். சுடும்போது நெஞ்சில் லேசான எரிச்சல். கடைசியில் மறுபடி தூண்டிப் பார்த்தார்கள், வரவில்லை. மொத்தம் ஐந்து மணி நேரம். அப்புறம் காலை மடக்காமல் ஆறு மணி நேரம் கிடந்தேன். எனக்கு அதுதான் பெரும்பாடு.

செலவுக்குக் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் கைகொடுத்தது.

ஐந்து மாதமாகிறது. கருவி அடிக்கவில்லை. மாத்திரை பாதியாகிவிட்டது, அந்த மாத்திரை தைராய்டைக் கெடுக்கலாம் என்பதால் அதற்கான ரத்தப் பரிசோதனை மட்டும் தொடர்கிறது. கருவியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "திட்டு அங்கேயேதானே இருக்கு?" என்றார் டாக்டர். கடலுக்கு இப்போது மச்சானோடுதான் போகிறேன்.