வீட்டு முற்றத்தில் பழைய சுசுக்கி ஜீப்பை உயர்த்திய அனுபவம்

என்னிடம் இருப்பது சுசுக்கி எஸ்ஜே 410. எண்பதுகளில் வந்த வண்டி. 970 சிசி பெற்றோல் எஞ்சின், முன்னும் பின்னும் ஒரே துண்டான இரும்பு அச்சு, நான்கு மூலையிலும் தகடு அடுக்கிய ஸ்பிரிங். வீடு யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், வயல் கடலேரிக்கு அப்பால் பூநகரியில். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததில் இருந்து நாவற்குழி, கேரதீவு வழியாகப் போய்வருவது சுலபம். வயலுக்குள் இறங்கும் கடைசித் துண்டுப் பாதைதான் சிக்கல். உழவு இயந்திரங்களின் பெரிய சில்லுகள் இரண்டு பக்கமும் ஆழமாக உழுதுவிட, நடுவில் மேடு நிற்கும். மாரி தொடங்கினால் வண்டியின் வயிறு அந்த மேட்டில் உட்கார்ந்துவிடும்.

உயர்த்த நினைப்பவர்கள் ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றினால் உயர்வது வண்டியின் அடிச்சட்டமான சேஸியும் அதற்கு மேலே உள்ளவையும்தான். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சின் நடுவில் தொங்கும் டிபரென்ஷியல், அதாவது சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி, நிலத்தை விட்டு மேலே வரவேண்டுமென்றால் ரயர்தான் பெரிதாக வேண்டும். நான் 205/70R15 ரயரில் இருந்து 215/75R15க்கு மாறினேன். கணக்குப் பார்த்தால் அதில் டிபரென்ஷியலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் மட்டுமே. ஸ்பிரிங் உயர்வு தருவது வயிற்றுப் பகுதிக்கு இடைவெளியும், பெரிய ரயர் மட்காட்டில் உரசாமல் திரும்ப இடமும். இதைவிடப் பெரிய ரயர் போடச் சொன்னவர்கள் உண்டு. இந்தச் சிறிய எஞ்சினுக்கு அது பாரம். சேற்றில் இரண்டாம் கியரில் இழுக்க முடியாமல் திணறும் வண்டியால் எனக்குப் பயன் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் ஐயா இருக்கிறார். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார்களையும் மொறிஸ் கார்களையும் ஓடவைத்த தலைமுறை. புது ஸ்பிரிங் வாங்குவதா, இருப்பதில் ஒரு தகட்டைக் கூட்டிப் போடுவதா என்று அவரிடம் கேட்டேன்.

“கூட்டிப் போட்டால் உயரும் தம்பி. ஆனால் வண்டி விறைத்துப்போகும். நெல் மூட்டை ஏற்றும் லொறிக்கு அது சரி, இந்தச் சின்ன வண்டிக்குச் சரிவராது. பழைய தகட்டைக் காய்ச்சி வளைத்தாலும் பதம் போய்விடும், ஒரு மாரியிலேயே திரும்பத் தொய்யும்” என்றார்.

அவர் சொன்னது முழுவதும் உண்மை. பள்ளத்தில் ஒரு சில்லு இறங்கும்போது ஸ்பிரிங் அதோடு இறங்கிக் கொடுத்தால்தான் ரயர் நிலத்தைப் பிடிக்கும். விறைத்த ஸ்பிரிங்கில் சில்லு காற்றில் சுற்றும். அதனால் இரண்டு அங்குல உயர்வுக்கான முழுத் தொகுதியாகவே எடுத்தேன். நான்கு ஸ்பிரிங், நீளமான சொக் அப்சோபர்கள், ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட்டுகள், ஸ்பிரிங் முனையில் வளையமாக இருக்கும் கண்ணுக்குள் போகும் றப்பர் புஷ்கள், முன்பக்கத்துக்கு மட்டும் ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸியோடு இணைக்கும் சற்று நீளமான ஷக்கிள்கள். மீதிச் சில்லறைப் பாகங்கள் கொழும்பில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கிடைத்தன. பாகம் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: இதே குடும்பத்து வண்டி அவுஸ்திரேலியாவில் சியெரா, வேறு நாடுகளில் சாமுராய், இந்தியாவில் சற்று நீட்டிய வடிவில் ஜிப்சி. எல்லாப் பெயரிலும் தேடிப் பாருங்கள்.

கழற்றுவதற்கு முன்பே சில்லின் நடுப்புள்ளியில் இருந்து மட்காட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிவைத்தேன். வலது பின்பக்கம் இடதைவிட ஒன்றேகால் அங்குலம் தாழ்ந்திருந்தது. விற்பவர் சொல்லும் இரண்டு அங்குலம், வண்டியோடு வந்த ஸ்பிரிங் புதிதாக இருந்தபோதைய உயரத்தில் இருந்து எண்ணுவது. தொய்ந்த வண்டியில் அது மூன்றைத் தாண்டும். பிறேக் குழாய், எஞ்சின் விசையை அச்சுக்குக் கொண்டுபோகும் புறொப் ஷாஃப்ட், ஸ்டியரிங் எல்லாவற்றையும் அந்த உண்மையான உயர்வுக்குத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் முற்றம் செம்மண். ஜக்கை வெறும் மண்ணில் வைத்தால் பாரம் ஏற ஏறப் புதையும். பழைய வீட்டுக் கூரையில் இருந்து இறக்கிய பனை வளைத் துண்டுகள் வளவில் கிடந்தன. வைரமேறிய கறுப்புப் பனை. அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மேல் வண்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தினோம். தாங்கி சேஸிக்குக் கீழே நிற்க வேண்டும், அச்சுக்குக் கீழே அல்ல. அச்சு தொங்கி இறங்கினால்தான் வேலை நடக்கும். தூக்கிய பிறகு மருமகனும் நானும் தோளால் பலமாகத் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை என்று உறுதியான பின்புதான் கீழே போனோம். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே யாரும் படுக்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

பழைய யூ போல்ட் சுலபமாகக் கழன்றது. ஸ்பிரிங்கின் கண்ணுக்குள் போகும் போல்ட்தான் கழலவில்லை. உப்புக்காற்று நாற்பது வருடமாக அதை உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒன்றாக்கி வைத்திருந்தது. பல நாட்களாகத் துருநீக்கி எண்ணெய் விட்டும் பயனில்லை. நட் கழன்றது, தலையைத் திருப்பினால் போல்ட்டோடு குழாயும் சேர்ந்து றப்பருக்குள் சுற்றியது. முன்பக்கத்தில் கிறைண்டரால் அறுத்தோம். பின்பக்கத்தில் பெற்றோல் தாங்கி பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பொறி பறக்கும் எதையும் அங்கே கொண்டுபோக முடியாது. இரும்பு அறுக்கும் வாளின் அலகை மட்டும் எடுத்து, ஒரு நுனியில் துணி சுற்றிப் பிடித்து, கண்ணுக்கும் அதைச் சேஸியில் பிடித்திருக்கும் கொளுவிக்கும் இடையில் இருக்கும் மெல்லிய இடைவெளியில் விட்டு இழுத்தோம். முதலில் றப்பர் கறுப்புத் தூளாகக் கொட்டும், பிறகு செந்துரு, அதன்பிறகு வெள்ளையாக இரும்புத்தூள். வெள்ளை தெரிந்தால் போல்ட்டைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம். ஒரு பக்கம் மருமகன் இழுக்க மறுபக்கம் நான். மொத்த வேலையிலும் அதிக நேரம் தின்றது இதுதான்.

கொளுவி வெளிப்பட்டதும் சேஸியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். ஒலி அடைத்துக் கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது, முதலில் அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்ட வேண்டும். எங்கள் வண்டியில் அந்த இடம் பழுதில்லை.

புதியதை ஏற்றுவது ஒப்பீட்டளவில் இலகு. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இறுக்கி நீண்ட இரும்பு மறுபடி அதே பிடியைத் தராது. மற்றது, றப்பர் புஷ் போட்ட கண் போல்ட்டுகளை அந்தரத்தில் இறுக்கக் கூடாது. வண்டி தன் சில்லில் நின்று பாரம் ஏறிய பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் றப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.

அச்சு முழுதாகத் தொங்கும்போது பிறேக் குழாய்கள் விறைப்பாக நின்றன. பின்பக்கக் குழாயின் பிடியைக் கீழே இறக்க ஒரு சிறு இரும்புத் துண்டு செய்வித்தோம். முன்பக்கத்துக்கு நீளமான குழாய்களே வாங்கினோம். பிறகு பிறேக் எண்ணெயில் இருந்து காற்று எடுக்கும் வேலை. பிரதான சிலிண்டருக்கு மிகத் தூரமான பின் இடது சில்லில் தொடங்கினோம். மருமகன் மிதியை அழுத்திப் பிடிக்க, நான் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடினேன். “மாமா, இப்போது கல்லாக இருக்கிறது” என்று அவன் சொல்லும் வரைக்கும் விடவில்லை. புறொப் ஷாஃப்ட்டில் நீளம் கூடிக் குறைய வழுக்கும் பகுதியில் முன்கூட்டியே வெள்ளைப் பெயின்ற்றால் கோடு இட்டிருந்தேன். அச்சு தொங்கிய நிலையில் அது எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதை அந்தக் கோடு காட்டியது. அந்த வழுக்கும் பகுதியின் பல்லில் போதிய பிடி மீதம் இருந்தது.

வீதியில் எடுத்தபோது ஸ்டியரிங் வளையம் சற்றுத் திரும்பி நின்றது. அதை, ஸ்டியரிங் பெட்டியைச் சில்லோடு இணைக்கும் நீளத்தண்டின் திருகு நூலைச் சுற்றிச் சரிசெய்தோம். ஆனால் வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் தானாக நேராக வரவில்லை. காரணம் முன் ஷக்கிள். எஸ்ஜேயில் அது ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஸ்பிரிங்கின் முன்முனை கீழிறங்கி அச்சும் முன்னோக்கிச் சாயும். சைக்கிளின் முன் கவை பின்னுக்குச் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டும் நேராக ஓடுகிறது, அந்தச் சாய்வு இங்கே குறைந்துவிட்டது. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் தடித்த பக்கம் முன்னே வரும்படி இரும்பு ஆப்பு வைத்தோம், அதற்கேற்ப ஸ்பிரிங் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டையும் நீளமானதாக மாற்றினோம். ஆப்பு வைத்தால் டிபரென்ஷியலில் ஷாஃப்ட் பொருந்தும் பினியன் மூக்கு சற்றுத் தாழ்ந்து முன் புறொப் ஷாஃப்ட்டின் கோணம் கூடும். முன்சில்லை அச்சோடு இணைக்கும் பூட்டைத் திறந்துவிட்டால் தார் வீதியில் அந்த ஷாஃப்ட் சுற்றுவதே இல்லை என்பதால் அதை ஏற்றுக்கொண்டேன். சேற்றில் மெதுவாகப் போகும்போது தொல்லை தெரியவில்லை.

காலபோகத்துக்கு விதைநெல் ஏற்றிக்கொண்டு போனபோது வயிறு எங்கும் தட்டவில்லை. திரும்பி வந்ததும் எல்லா யூ போல்ட்டையும் குறுக்கு முறையில் மறுபடி இறுக்கினேன், நான்கு மூலையிலும் கொஞ்சம் இடம் கொடுத்தது. முன்விளக்கின் ஒளியையும் சுவரில் அடித்துப் பார்த்துத் தாழ்த்தினேன். பெரிய ரயரால் வேகமானி 60 காட்டும்போது உண்மையில் ஏறத்தாழ 63இல் ஓடுகிறது. ரயர் பாரமானதால் நிறுத்தவும் முன்னைவிட அழுத்தமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. முன்பக்க டிரம் பிறேக்கைக் கழற்றிவிட்டு, எஸ்ஜே 413இல் வருகிற டிஸ்க் பிறேக்கைப் போட வேண்டும். பஞ்சிகாவத்தையில் சொல்லிவைத்திருக்கிறேன்.