கோஸுக்குப் பசிக்கும் நேரம்

நீலகிரி மலையில் கேத்தியில் எங்களுக்கு இருப்பது சரிவில் வெட்டிய சின்னச் சின்னப் பாத்திகள்தான். கேரட் எடுத்த இடத்தில் கோஸ், கோஸ் எடுத்த இடத்தில் உருளை. "எரு மட்டும் போட்டு விளைவிக்கக் கூடாதா மாப்பிள்ளை?" என்று மாமனார் ஈரோட்டில் இருந்து வரும்போதெல்லாம் கேட்கிறார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கணக்கும் அவர் பக்கம்தான் இருக்கிறது.

மலைப்பகுதி கோஸுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 30 டன் தொழு உரம். அதற்கு மேல் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) சத்து தலா 90 கிலோ அடியுரம், நட்டு 30-45 நாளில் தலா 45 கிலோ மேலுரம். ஏக்கர் கணக்கில் தழைச்சத்து 55 கிலோவுக்குப் பக்கம் வரும். ஏக்கருக்குப் போடும் 12 டன் சாணி எருவில், அரை சதவீதம் என்று வைத்தாலே 60 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அப்புறம் அதே தழைச்சத்துக்கு எதற்கு யூரியா?

எருவில் இருப்பதில் பெரும்பங்கு வேருக்கு உடனே கிடைக்காது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துக் கொடுக்க வேண்டும், அதற்குச் சூடு வேண்டும். ஈரோட்டு மண்ணில் நடக்கும் வேகம் எங்கள் பனிக்காலத்து மண்ணில் நடக்காது. ஆனால் கோஸ் காத்திருக்காது. வெளி இலை விரிந்து உள்ளிலை மூடத் தொடங்கும் அந்தச் சில வாரங்களில்தான் அதற்கு அகோரப் பசி. வெளி இலை சிறுத்தால் உருண்டையும் சிறுக்கும், பிறகு எதைக் கொட்டினாலும் முழுசாகத் தேறாது. எரு மட்டும் போட்ட பாத்தியில் அடியிலை மஞ்சளடித்து, கோஸ் தேங்காய் அளவில் நின்றுவிடும். ருசி அருமை. ஆனால் மேட்டுப்பாளையம் மண்டியில் யாரும் ருசி பார்த்து விலை வைப்பதில்லை.

சரி, யூரியாவையே அள்ளி வீசினால்? இலை கரும்பச்சையாக, தளதளவென்று வரும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் கூடவே வரும். உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கும், ஒரு நல்ல மழைக்கு மண்டை பிளந்துவிடும். அறுத்துப் பார்த்தால் தண்டின் நடுவில் பழுப்பேறிய ஓட்டை. போரான் என்ற நுண்சத்து குறைவான மண்ணில் செடியை அவசரமாக வளர்த்தால் இப்படித்தான் ஆகும். போதாததற்கு, ஏற்கெனவே புளித்த, அதாவது அமிலத்தன்மை கூடிய, எங்கள் மண்ணை யூரியா இன்னும் புளிக்க வைக்கிறது. புளித்த மண் என்றால் வேர் கிழங்கு மாதிரி வீங்கும் நோய்க்குக் கொண்டாட்டம். சுண்ணாம்பு போடாமல் எந்த உரம் போட்டும் பயனில்லை.

நான் செய்வது இதுதான். நன்றாக மக்கிய எரு நடவுக்கு முன்பே மண்ணோடு கலந்துவிடும். அடியுரமாக, சத்துகள் கலந்து வரும் காம்ப்ளக்ஸ் உரம். யூரியாவை ஒரே தடவையில் போடாமல் இரண்டாகப் பிரித்து, மண் ஈரமாகவும் வானம் வெளுப்பாகவும் இருக்கும் நாளாகப் பார்த்துச் செடியைச் சுற்றி வைத்து மண் அணைப்பேன். சரிவு நிலம், ஒரு மழை போதும், போட்டது ஓடைக்குப் போய்விடும். எரு ஏறிய பாத்தியில் இந்த இழப்பு குறைவு. வருஷா வருஷம் எரு விழுந்த மேல்பாத்திக்கு இப்போது யூரியா பாதிதான் கேட்கிறது. கோழி எரு இதைவிடச் சீக்கிரம் வேலை செய்யும், ஆனால் பச்சையாகப் போட்டால் நாற்று கருகிவிடும்.

ஆனாலும் ஊரில் யூரியாதான் அதிகம் விழுகிறது. மானிய விலையில் 45 கிலோ மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது, ஒரு ஆள் தோளில் தூக்கிப் போய்விடலாம். அதில் இருக்கும் 20 கிலோ தழைச்சத்துக்கு நான்கு டன் சாணி வேண்டும். மாடு குறைந்துபோன ஊரில் அந்த நான்கு டன்னும் லாரி வாடகையோடு கீழே இருந்து மலையேறி வர வேண்டும், ரோட்டில் இருந்து பாத்தி வரை தலைச்சுமை கூலி தனி.