வெல்லர்மேன் வரும் நாள்

2021 ஜனவரி 19, செவ்வாய்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அஞ்சல்காரர் நேதன் எவன்ஸ் சென்ற மாதக் கடைசியில் பாடிப் பதிவேற்றிய ‘வெல்லர்மேன்’ பாட்டு இரண்டு நாள்களாகக் காதை விட்டு அகலவில்லை. சர்க்கரையும் தேயிலையும் ரம்மும் கொண்டுவரப்போகும் அந்த வெல்லர்மேன் யார் என்று அறியாமல் இதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

2021 ஜனவரி 21, வியாழன்

அது தனி மனிதர் ஒருவரின் பெயர் அன்று. சிட்னியில் வணிகம் செய்துவந்த ஜோசப், ஜார்ஜ், எட்வர்ட் என்னும் வெல்லர் சகோதரர்கள் 1831இல் நியூசிலாந்தின் தென் தீவில், ஒடாகோவில், திமிங்கில வேட்டை நிலையம் ஒன்றை நிறுவினார்கள்; அவர்களுடைய சரக்குக் கப்பலோடு வந்த ஆள்களே வெல்லர்மேன்கள். பத்தே ஆண்டுகளில், 1841இல், நிலையம் மூடப்பட்டது. பாட்டு மட்டும் வாய்வழியே பிழைத்திருந்து, 1966வாக்கில் நீல் கோல்குஹூன் என்பவர் ஒரு முதியவரிடம் கேட்டு எழுதிவைத்ததால் நமக்குக் கிடைத்திருக்கிறது.

2021 ஜனவரி 22, வெள்ளி

இதை எல்லாரும் ‘ஷாண்டி’ என்கிறார்கள். பாய் ஏற்றும்போதும் நங்கூரம் தூக்கும்போதும் ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் பதில் பாடியபடியே ஒரே நேரத்தில் கயிற்றை இழுப்பதற்கான பாட்டுத்தான் ஷாண்டி. இதுவோ ஒரு கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிச் செல்வதால், திமிங்கில வேட்டைக்காரர்களின் கதைப்பாடல் என்பதே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

2021 ஜனவரி 24, ஞாயிறு

இன்று கதையை வரி வரியாகக் கேட்டேன். ஈட்டி பாய்ந்த திமிங்கிலம் கப்பலையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கயிற்றை அறுத்துவிட்டால் போதும், ஆனால் தலைவர் அறுக்க மறுக்கிறார். படகுகள் நான்கும் போய்விடுகின்றன. நாற்பது நாள் கடந்தும் போராட்டம் ஓயவில்லை. ‘டங்கிங்’ எனப்படும், கொழுப்பைப் பட்டை பட்டையாக அறுக்கும் வேலை முடிந்ததும் விடைபெற்றுப் போய்விடுவோம் என்று ஒவ்வொரு கண்ணிக்குப் பிறகும் பாடுகிறார்கள். திமிங்கிலமே பிடிபடாதபோது அறுப்பது எப்படி?

கரையோர வேட்டைக்காரர்களுக்குக் கூலி பல வேளைகளில் பணமாக அன்றித் துணியாகவும் மதுவாகவும் புகையிலையாகவுமே கிடைத்தது என்று படித்த பிறகு, முதலில் உற்சாகமாக ஒலித்த சர்க்கரையும் ரம்மும் எனக்கு வேறாகக் கேட்கின்றன. கையில் காசு சேராதவன் எங்கே போவான்? கடைசிக் கண்ணியில் வெல்லர்மேன் தவறாமல் வந்து தலைவருக்கும் ஆள்களுக்கும் ஊக்கம் அளித்துச் செல்கிறான். கயிறு இன்னும் அறுபடவில்லை.