ஊமைக்காயங்கள்

மார்ச் 7
காட்டுப் பாதை இறக்கத்தில் விழுந்தேன். முன்சக்கரம் ஒரு வேரில் மாட்டி நின்றுவிட்டது. சைக்கிள் நிற்க, நான் மட்டும் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். முழங்கை, முட்டி எல்லாம் சிராய்ப்பு. மணிக்கட்டு வலிக்கிறது. திட்டித் தீர்க்க எதிரே ஒரு லாரிக்காரர்கூட இல்லை.

கூட வந்த நண்பர் முதலில் என் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே தடவிப் பார்த்தார். இப்படிக் குப்புற விழுந்தால் பலருக்கும் உடைவது காரை எலும்புதான், அதுவும் பெரும்பாலும் அதன் நடுப்பகுதி. எனக்கு அது தப்பியது. வீட்டுக்கு வந்து குழாயடியில் காயத்தைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மண்ணை அப்படியே விட்டால் புண் ஆறிய பிறகும் தோலுக்கடியில் கறுப்பாகத் தங்கிவிடும்.

மார்ச் 8
காலையில் ஆஸ்பத்திரி. அழுக்குக் காயம், கடைசியாகப் போட்ட டெட்டனஸ் ஊசிக்கு 5 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதால் மறுபடி ஒன்று. எக்ஸ்ரேயில் உடைசல் எதுவும் தெரியவில்லை. சந்தோஷமாகக் கிளம்பப் பார்த்தேன். டாக்டர் விடவில்லை. கட்டைவிரலை விரித்து நீட்டச் சொன்னார். அடியில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. அதை அழுத்தியதும் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டேன்.

அந்தப் பள்ளத்துக்குக் கீழே இருக்கும் குட்டி எலும்பின் பெயர் ஸ்கேஃபாய்ட். அதில் விரிசல் விட்டால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாமாம். ரத்த ஓட்டம் அதற்கு விரல் பக்கத்திலிருந்து முழங்கைப் பக்கமாக, பின்னோக்கிப் போகிறது. நடுவில் உடைந்தால் பின்பாதிக்கு ரத்தம் கிடைக்காமல் அது செத்துப்போகவும் கூடும். அதனால் உடைந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுப்பது வழக்கம். 'சுளுக்குதான், எண்ணெய் தேய்த்தால் போகும்' என்று விடுபவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள்.

மார்ச் 9
போன் செய்கிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த வண்டி இடிச்சுது?" எதுவும் இடிக்கவில்லை என்றதும் குரலில் இருந்த பதற்றம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. எலும்புக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா என்ன!

காவல்துறையின் சாலை விபத்துக் கணக்கில் என் போன்றவர்கள் வரமாட்டோம். ஆஸ்பத்திரிப் பதிவில் மட்டும் இடம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலில், பத்தாவது பதிப்பில், V10 முதல் V19 வரை சைக்கிள்காரர்களுக்கு. எதிலும் மோதாமல் தானாக விழுந்தவர்களுக்கு V18. பொதுச் சாலைக்கு வெளியே நடந்ததா என்பதைப் புள்ளிக்கு அப்புறம் வரும் எண் சொல்லும். ஆக, நான் V18.0.

மார்ச் 11
ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே நுரை ஓரிடத்தில் நசுங்கியிருக்கிறது. அது தான் நசுங்கித் தலையைக் காப்பாற்றுகிற பொருள், ஒருமுறைதான் உழைக்கும். வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளாதபடி வாரை வெட்டிக் குப்பையில் போட்டேன். தலைவலி, வாந்தி, மந்தம் எதுவும் இதுவரை இல்லை.

மார்ச் 14
இன்று என் கையைப் பற்றி எழுத மனமில்லை. அக்கா மகன் பூங்காவில் சைக்கிளைத் திருப்பும்போது சாய்ந்து, ஹேண்டில்பார் நுனி வயிற்றில் குத்தியிருக்கிறது. நுனியில் ரப்பர் மூடி இல்லை, வெறும் குழாய். வந்த வேகம் ஒன்றுமே இல்லை. சிறிது நேரம் அழுதுவிட்டு மறுபடி விளையாடப் போய்விட்டான். சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போதுதான் தொப்புளுக்கு மேலே இடப்பக்கம் வட்டமாக ஒரு தடம் தெரிந்திருக்கிறது. சாப்பாடு வேண்டாம் என்கிறான்.

"சின்னதா விழுந்ததுக்கு எதுக்குடா ஆஸ்பத்திரி?" என்றாள் அக்கா. உடனே கிளப்பினேன். பிள்ளைகளின் வயிற்றுச் சுவர் மெல்லியது. குழாய் முனை அவ்வளவு விசையையும் ஒரே புள்ளியில் இறக்கிவிடும். மண்ணீரல், கல்லீரல், கணையம், சிறுகுடல் என எது அடிபட்டாலும் வெளியே அந்த வட்டம் மட்டும்தான் தெரியும். கணையமும் குடலும் மறுநாள்வரைகூடச் சும்மா இருந்து ஏமாற்றும்.

மார்ச் 15
ஸ்கேனில் மண்ணீரலில் சிறு கிழிசல். ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள். ரத்த அழுத்தமும் நாடியும் சீராக இருந்தால் குழந்தைகளுக்கு இப்போது பெரும்பாலும் வைத்துப் பார்ப்பதோடு சரி. அவனுக்கு ஒரே கவலை, சைக்கிளைத் தொட எப்போது விடுவார்கள் என்பது. "பல வாரம் ஆகும்" என்று டாக்டரே சொல்லிவிட்டதால் நான் தப்பித்தேன்.

மார்ச் 19
இரண்டாவது எக்ஸ்ரேயில் விரிசல் தெளிவாகத் தெரிகிறது, ஸ்கேஃபாய்டின் இடுப்பில், அதாவது அதன் நடுப்பகுதியில். விலகவில்லை. அதனால் திருகாணி வேண்டாம், மாவுக்கட்டு போதும். 6 வாரமாவது, கூடவும் ஆகலாம். சிகரெட் உண்டா என்று இரண்டு முறை கேட்டார். புகைப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகுமாம். திரும்பும் வழியில் சைக்கிள் கடையில் ஹேண்டில்பார் மூடி ஒரு ஜோடி வாங்கி அக்கா வீட்டில் கொடுத்தேன்.