துமக்காக்கோரி: மணிக்கோபுரம் முடியாத கோயில்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிக்கோ எல்லைக்குச் சற்று வடக்கே, சாந்தா குரூஸ் ஆற்றங்கரையில் கைவிடப்பட்டு நிற்கும் துமக்காக்கோரி என்னும் ஸ்பானிய மறைத்தளத்தின் (கிறிஸ்தவ மறைப்பணி நிலையத்தின்) அழிவுக்குப் பாலைநிலத்தின் கடுமையையும் அப்பாச்சி மக்களின் தாக்குதல்களையுமே பொதுவாகக் காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால், அவ்வூரைக் கண்ணால் கண்டிராதவர்கள் தொலைதூரத் தலைநகரங்களில் பிறப்பித்த ஆணைகளே அதன் அடித்தளத்தை முதலில் அசைத்தன என்பது என் எண்ணம்.

இயேசு சபைக் குருவான எவுசேபியோ பிரான்சிஸ்கோ கீனோ 1691 ஜனவரியில் அங்கே வந்தபோது அது ஓ'ஓதாம் என்னும் பூர்வகுடி மக்களின் ஆற்றோர ஊராக இருந்தது. அவர் சமயத்தோடு கோதுமையையும் கால்நடைகளையும் அந்நிலத்தில் பரப்பினார். கொழும்பின் கொட்டாஞ்சேனைக் கோயில்களைச் சுற்றி வளர்ந்த எனக்கு அவருடைய ஆண்டுகள் உடனே வேறொருவரை நினைவூட்டின: கீனோ சொனோராப் பாலைநிலத்தில் பணி தொடங்கிய 1687 இலேயே கத்தோலிக்கக் குருவான யோசேவாஸ் அடிகள் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்தார், இருவரும் 1711 இல் காலமானார்கள். ஒற்றுமை அவ்வளவுதான். கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த ஒல்லாந்தரின் கண்ணில் படாமல் யோசேவாஸ் அடிகள் மாறுவேடத்தில் நடமாட வேண்டியிருந்தது; கீனோவுக்குப் பின்னால் ஸ்பானிய முடியரசே நின்றது. அந்த ஆதரவுக்குரிய விலையைப் பிற்காலத்தில் துமக்காக்கோரி கொடுத்தது.

1751 இல் ஓ'ஓதாம் மக்கள் ஸ்பானியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அதன் பின்னர் மறைத்தளம் ஆற்றின் மேற்குக் கரைக்கு மாற்றப்பட்டது. 1767 இல் மன்னர் மூன்றாம் கார்லோஸ் இயேசு சபையினரைத் தம் ஆட்சிப்பரப்பு முழுவதிலிருந்தும் வெளியேற்றவே, அடுத்த ஆண்டு பிரான்சிஸ்கன் சபையினர் பொறுப்பேற்றார்கள். இன்று காணப்படும் பெரிய கோயிலை 1800 அளவில் தொடங்கியவர் நார்சிசோ குத்தியேரெஸ் என்ற குரு. வடக்கே சான் சவியேர் தெல் பாக் மறைத்தளத்தில் அப்போதுதான் எழுந்திருந்த அழகிய கோயிலுக்கு ஈடாக ஒன்றை எழுப்ப விரும்பிய அவருக்கு ஆசை இருந்த அளவுக்குப் பணம் இருக்கவில்லை. 1820 இல் அவர் இறந்தபோதும் வேலை முடிந்திருக்கவில்லை. பின்வந்த குரு ஹுவான் பவுத்திஸ்தா எஸ்தெல்ரிக், மறைத்தளத்தின் மாடுகளை விற்றுக் கட்டடப் பணியைத் தொடர முயன்றார். அவருக்கும் அவருக்குப் பின்வந்த ராமோன் லிபெரோசுக்கும் மாடுகளை வாங்கியவரிடமிருந்து பணம் பெறுவதே பெரும்பாடாயிற்று. இதற்கிடையில் 1821 இல், அந்நிலத்தையும் உள்ளடக்கியிருந்த மெக்சிக்கோ ஸ்பெயினிடமிருந்து சுதந்திரமடைந்தது. 1827 இல் ஸ்பெயினில் பிறந்தவர்களை வெளியேற்றும் சட்டம் வந்ததால் அடுத்த ஆண்டு லிபெரோசும் புறப்பட வேண்டியதாயிற்று. மணிக்கோபுரம் அரைகுறையாகவே நின்றது.

வதியும் குரு இல்லாமற்போன பின்னரும் ஓ'ஓதாம் குடும்பங்கள் இருபது ஆண்டுகள் அங்கே தாக்குப்பிடித்தன என்பதைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ இவ்வரலாற்றின் கனமான பகுதி அதுவே. தாக்குதல்களும் கடுங்குளிரும் சேர்ந்து நெருக்கிய 1848 டிசம்பரில்தான் எஞ்சியவர்கள் கோயிலின் சுரூபங்களை எடுத்துக்கொண்டு சான் சவியேருக்குச் சென்றார்கள்.

அதன் பின் கூரை போயிற்று. சுடாத மண்கல்லாலான சுவர்களை மழை கரைத்தது. 1908 இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச்சின்னமாகப் பிரகடனப்படுத்துவதற்கு முன்பே, இயேசு சபையினர் ஒளித்துவைத்ததாகக் கதைகட்டப்பட்ட புதையலைத் தேடியவர்கள் கோயிலின் தரையைத் தோண்டிக் குழப்பியிருந்தார்கள். இயேசு சபையினர் வெளியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னர்தான் அக்கோயிலுக்கு அத்திவாரமே போடப்பட்டது என்பதை அவர்களில் எவரும் கணக்கிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.